கிளாவரைப் பூண்டும் மராக்கேஷ் ஒப்பந்தமும்

கொடைக்கானலுக்குச் சென்று வராதவர் நம்மில் மிகச் சிலரே. ஏரியைச் சுற்றி வருவோம். தூண் பாறையின் முன்னே குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வோம். யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். அந்நகருக்கு மேற்கேயும் மலை நெடுந்தூரம் நீண்டு கிடக்கிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து செல்லும் பேருந்து, கடைசியாக இளைத்து நிற்கும் ஊரின் பெயர் கிளாவரை. அதற்கப்பால் காடு, காட்டுக்கப்பால் கேரளம்.

சென்ற ஆண்டு அவ்வூருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எங்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் அத்தா காய்கறி வியாபாரி. பூண்டு கொள்முதலுக்காக மலையேறப் புறப்பட்டவர், "விடுமுறைதானே ஹஜ்ரத், நீங்களும் வாங்களேன்" என்று அழைத்தார். 'உலகமயமாதலும் நம் சமுதாயமும்' என்னும் தலைப்பில் ஒரு கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டு, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பற்றி எடுத்த குறிப்புகளைப் பையில் வைத்திருந்தேன். திரும்பி வரும்வரை அவற்றை வெளியே எடுக்கவே இல்லை.

மகசூலும் வசூலும்

கிளாவரையில் மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்கள். நம் தஞ்சைச் சமவெளியில் வயல் என்பது நீரின் கொடை. இங்கே வயல் என்பது மனிதக் கையின் உழைப்பு. மேல்மலையில் இவ்வாறு படிவயல் அமைத்துப் பயிரிட்டவர்களுள் குன்னுவர் என்னும் சமூகத்தார் முதன்மையானவர்கள். அவர்களே சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது மரபுச் செய்தி. அவர்களுக்கும் முன்பே பளியரும் புலையரும் இம்மலைகளில் வாழ்ந்தனர்.

வயல்களில் என்ன விளைகிறது? உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், பூண்டு. இவற்றுள் எது இம்மண்ணில் பிறந்தது என்று எண்ணிப் பார்த்தேன். உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் அது ஐரோப்பியரின் கப்பல்களில் இந்தியா வந்தது. பீன்ஸும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். கேரட்டோ பாரசீகம், ஆப்கானிஸ்தானம் ஆகிய பகுதிகளிலிருந்து கிளம்பி ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தது. பூண்டின் பூர்விகம் மத்திய ஆசியா. நம் மலைகளில் பயிராகும் பூண்டு வகைகளுள் ஒன்றின் பெயரைக் கேட்டால் வியப்பீர்கள்: 'சிங்கப்பூர் சிவப்பு!'

மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. வந்தபோது நம் முன்னோர் அதனை மருண்டு பார்க்கவில்லை. மிளகைப் போல் காரமாக இருக்கிறது, காயாகவும் இருக்கிறது என்று கண்டு 'மிளகாய்' என்று பெயர் சூட்டி அம்மியில் வைத்து அரைத்துவிட்டார்கள். பழனிமலையின் கீழ்ச்சரிவுகளில் விளையும் காப்பியின் கதையோ நமக்கு இன்னும் நெருக்கமானது. ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பாபா புதன் என்னும் பெரியார் ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டு வந்து, 17-ஆம் நூற்றாண்டில் சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்றும் அம்மலை அவர் பெயராலேயே வழங்குகிறது.

நான் இப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது, வயலுக்குரிய முதியவர் வியாபாரியிடம் தம் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மகசூல் பரவாயில்லை பாய். வசூல்தான் இல்லை. போன தடவை பாக்கியே இன்னும் நிக்குது."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவருடைய துன்பத்தைக் கண்டு சிரித்ததாக அவர் எண்ணிவிடக் கூடாதே என்று உடனே விளக்கம் சொன்னேன். மகசூல், வசூல், பாக்கி என்னும் மூன்று சொற்களுமே அரபி. நான் நாள்தோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் மொழியின் சொற்களை, கடலையே கண்டிராத ஒரு மலைவாழ் விவசாயி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அசல், ஜாமீன், இனாம், தாக்கீது, ஜில்லா என்று பட்டியல் நீளும். சுல்தான்கள், நவாபுகள் காலத்து வருவாய்க் கணக்கின் வழியே நுழைந்த இச்சொற்கள் இன்று யாருக்கும் அயலாகத் தோன்றுவதில்லை. முதியவர் கேட்டுவிட்டு, "அப்ப எங்க தாத்தாவுக்கே அரபி தெரிஞ்சிருக்கு" என்றார். இப்போது அவரும் சிரித்தார்.

உலகமயமாதல் என்பது ஏதோ 1991-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நரசிம்ம ராவ் அரசின் புதிய பொருளாதாரக் கொள்கையோடு விமானத்தில் வந்திறங்கியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் சமுதாயம் அப்படி எண்ணுவதற்கு இடமே இல்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாழ்ந்த நம் முன்னோர்க்கு அலைகடல்தான் தெருவாக இருந்தது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. சிங்கப்பூரில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்டது. அரபு எழுத்துகளோடு சில புதிய குறிகளைச் சேர்த்து, தமிழ் ஒலிகளையெல்லாம் எழுதிக் காட்டிய அரபுத் தமிழ் அவர்களுடைய ஆக்கம். பிழைப்புக்காகக் கடல் கடப்பவர்க்குச் 'சபுராளி' என்று நம் ஊர்களில் பெயர். பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபிச் சொல்லுக்குத் தமிழ் விகுதி பூட்டிய பெயர் அது! மிளகாய்க்குப் பெயர் வைத்த அதே துணிச்சல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கை யார் கொண்டு வந்திருந்தாலும், எந்தப் படியில் நடுவது, எப்போது தோண்டுவது என்பதைக் கிளாவரைக்காரர் தீர்மானித்தார். பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு நடாமல் விடவும் அவரால் முடிந்தது. எல்லாமே இப்படி வந்தனவா?

கேளாமல் வந்தவை

மன்னவனூரைச் சுற்றிச் செல்லும்போது பரந்த புல்வெளிகள் தென்படுகின்றன. 1965 முதல் அங்கே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்கி வருகிறது. அதற்கு அப்பாலும் இப்பாலும் வரிசை பிசகாமல் நிற்கும் பைன் மரங்களைக் கண்டு நம் பிள்ளைகள் மகிழ்கிறார்கள், திரைப்படக்காரர்களும் மகிழ்கிறார்கள். ஆனால் அம்மரங்களின் கீழே புல் முளைப்பது அரிது.

பழனிமலையின் உயர்ந்த பகுதி இயற்கையில் புல்வெளியும், பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடுமாக இருந்தது. மழைநீரை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பது அந்தப் புல்வெளியின் பணி. அதனை ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று கருதியவர்கள் முதலில் ஆங்கிலேயர். விடுதலைக்குப் பின்னரும் அக்கருத்து மாறவில்லை. ஆஸ்திரேலியாவின் வாட்டிலும் யூகலிப்டஸும், மெக்சிகோவின் பைனும் பெருந்தோட்டங்களாக நடப்பட்டன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பழனிமலைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுக் காலத்திற்குள் மறைந்துவிட்டதெனச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிறுவியது. மரத்தோட்டங்களும் விவசாயமும் அவற்றை விழுங்கிவிட்டன. படிவயல்களும் இதற்கு முற்றிலும் பொறுப்பற்றவை என்று நான் சொல்லமாட்டேன்.

வாட்டில் மரம் எதற்காக நடப்பட்டது தெரியுமா? அதன் பட்டையில் தோல் பதனிடும் சாறு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தோட்டமாக வளர்ந்து, பட்டையாகவும் சாறாகவும் கப்பலேறி நம் நாட்டுத் தோல் பதனிடும் தொழிற்கூடங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அதனை நம் மலையிலேயே வளர்த்தால் அன்னியச் செலாவணி மிச்சமாகுமே என்று கணக்குப் போட்டார்கள். தோல் தொழில் என்றதும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் என்று நம் சமுதாயத்தார் பெருவாரியாக ஈடுபட்ட ஊர்களே நினைவுக்கு வருகின்றன. மேல்மலையின் ஓடை வற்றியதில் நம் ஊர்த் தோல் கிடங்குக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பின்னாளில் குரோமிய முறை பரவியதால் வாட்டில் பட்டையின் தேவையும் குறைந்தது. மரம் மட்டும் மலையில் தங்கிப் பரவிக்கொண்டிருக்கிறது.

கேளாமல் வந்த மற்றொன்றை இந்நாட்டார் எளிதில் மறக்கமாட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இயங்கி வந்த வெப்பமானித் தொழிற்சாலை, 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடமும், பின்னர் இந்துஸ்தான் லீவரிடமும் இருந்த அத்தொழிற்சாலையில், தொழிலாளர்கள் பாதரசத்தின் நடுவே வேலை செய்தனர். 2001-இல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கிடங்கொன்றில் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அது மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உதவித்தொகை வழங்க நிறுவனம் உடன்பட்ட ஆண்டு 2016. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்னும் இளம்பெண் ஓர் அமெரிக்கப் பாடலின் மெட்டில் இக்கொடுமையைப் பாடி உலகெங்கும் பரப்பினார். அவ்வகை மெட்டு எனக்கு உவப்பானதன்று. ஆயினும், அமெரிக்காவிலிருந்து வந்த நஞ்சுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மெட்டிலேயே மறுமொழி சொன்ன சாமர்த்தியத்தை நான் பாராட்டாமலிருக்க முடியாது.

பூண்டின் விலையை யார் சொல்வது?

முதியவரின் வீட்டில் அடுப்புக்கு மேலே பரண்; பரணில் கட்டுக்கட்டாகப் பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நாள்தோறும் எழும் புகை படிந்து அதன் தோல் பழுப்பேறியிருந்தது. அடுத்த பருவத்துக்கு விதையாக வைத்திருப்பது அது. பூச்சி அண்டாது, எளிதில் கெடாது. பச்சைப் பூண்டை உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்னும் கருத்துடைய நபிமொழியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அந்த வீட்டில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தபோது, உண்ணாமலே அந்த நிலைக்கு வந்துவிட்டேன். மலைப்பூண்டின் நெடியும் காரமும் அத்தகையவை.

இப்பூண்டு மலையிறங்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்குச் செல்கிறது. அங்கே வட இந்தியப் பூண்டும் வந்து குவிகிறது. அதன் பல் பெரிது, உரிப்பது எளிது, விலையும் குறைவு. நகரத்துப் பெண்களுக்கு நேரமில்லை. பெரிய பல்லையே கேட்கிறார்கள். உலகில் விளையும் பூண்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சீனாவினுடையது. ஆக, கிளாவரைக்காரரின் பூண்டுக்கு விலை சொல்வது வடுகபட்டித் தரகர் மட்டுமா என்றால், இல்லை.

இதன் கதை மராக்கேஷில் இருக்கிறது. ஆம், மொராக்கோ நாட்டின் புகழ்பெற்ற அந்த நகரம்தான். 1990-களில் 'டங்கல் திட்டம்', 'காட் ஒப்பந்தம்' என்று பத்திரிகைகளெல்லாம் எழுதித் தள்ளியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்பேச்சுகளின் முடிவில் 1994 ஏப்ரல் 15 அன்று மராக்கேஷில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி முதல் நாள் உலக வணிக அமைப்பு பிறந்தது. அதன் தொடர்ச்சியாக, இறக்குமதிக்கு இந்தியா வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவையும் 2001 ஏப்ரல் முதல் நாளில் நீங்கின. பின்னர்ப் பூஞ்சை நோய் பரவும் என்னும் அச்சத்தால் 2014-இல் சீனப் பூண்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் விலை ஏறும்போதெல்லாம் அது நேபாள எல்லை வழியாகக் கள்ளத்தனமாக நுழைகிறது. 2024-இல் பூண்டு கிலோ நானூறு ரூபாயைத் தாண்டியபோது நம் இல்லத்தரசிகள் பட்ட பாடு எல்லாரும் அறிந்ததே. அந்த விலை விளைவித்தவரின் கைக்கு அப்படியே போய்ச் சேர்ந்திருக்குமென்று எண்ண வேண்டாம்.

வியப்பு என்னவென்றால், சந்தையைத் திறந்துவிட்ட அதே ஒப்பந்தத்திலிருந்துதான் கிளாவரைக்காரரின் கையில் கிடைத்த கேடயமும் வந்தது. ஊரின் பெயரால் புகழ்பெற்ற பொருளுக்குப் புவிசார் குறியீடு வழங்க வேண்டும் என்பது மராக்கேஷ் உடன்படிக்கைகளின் ஒரு பகுதி. அதன்படி இந்தியா 1999-இல் சட்டமியற்றியது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் அக்குறியீட்டைப் பெற்றது. வேறிடத்துப் பூண்டை இப்பெயரில் விற்பது இனிச் சட்டப்படி குற்றம். சந்தையில் அதை யார் சோதிக்கிறார்கள் என்று முதியவர் கேட்டபோது, என்னை அழைத்துச் சென்ற வியாபாரி பேச்சை மாற்றிவிட்டார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளாவரைக்கு மேற்கே, காட்டைக் கடந்தால் கேரளத்தின் வட்டவடை. அங்கேயும் தமிழ் பேசும் மக்கள், அங்கேயும் படிவயல், அங்கேயும் பூண்டு. காந்தளூர் - வட்டவடைப் பூண்டு என்னும் பெயரில் அது 2022-இல் தனிக் குறியீடு பெற்றது. சில மணி நேரம் நடந்தால் சென்று சேரக்கூடிய ஊருக்கு வண்டியில் போக வேண்டுமானால், மலையிறங்கி, நெடுந்தூரம் சுற்றி, மறுபடியும் ஏற வேண்டும். மேல்மலை வழியாகக் கொடைக்கானலையும் மூணாறையும் இணைத்திருந்த பழைய பாதையும் 1990-இல் மூடப்பட்டுவிட்டது. வனவிலங்குகளின் பாதுகாப்புக்கு அது தேவையாக இருக்கலாம். அதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் சீனத்துப் பூண்டு இமயத்தையே தாண்டி வடுகபட்டிக்கு வரும் காலத்தில், கிளாவரைக்காரர் வட்டவடையில் இருக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போக ஒரு நாள் முழுவதும் வேண்டியிருக்கிறது. உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைகளில் முழங்குகிறோமே, யாருக்குச் சுருங்கியது?

நம் வீட்டு வாசலில்

திரும்பும் வழியில் வியாபாரி, "மேல்நாட்டு நாகரிகம் நம்ம பிள்ளைகளைக் கெடுக்குதுன்னு கூட்டத்துல நல்லா உறைக்கச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். சொல்ல வேண்டியதுதான். மன்னவனூர்ப் பக்கத்து மேய்ச்சல் வெளிகளில் போதைக் காளானைத் தேடி அலையும் இளைஞர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இவர்களை இங்கே இழுத்து வருவது உலகு சுற்றும் பயணிகளிடையே பரவிய பேச்சுதான். பெற்றோர் விழிப்போடு இருக்க வேண்டும்.

ஆனால் என் மனம் வேறொரு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வருவது மேற்கிலிருந்து மட்டும்தான் வருகிறதா? 1970-களில் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். பல ஜமாஅத்துகளின் கடன் தீர்ந்தது. இவற்றை மறுப்பவன் நன்றி கொன்றவன். அதே பெட்டிகளில் வேறு சிலவும் வந்தன. என் பாட்டியார் வெளியே புறப்படும்போது சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்திச் செல்வார். இன்று அத்துப்பட்டியைக் காண அரிதாகிவிட்டது. கறுப்பு அபாயாவே முழு உடையாகிவிட்டது. உடலை மறைக்க வேண்டும் என்பது மார்க்கம். அந்த நிறமும் தையலும் மார்க்கமா என்று கேட்டால் பலருக்கு விடை தெரியவில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் கருங்கல் தூண்களை நிறுத்தி, உருவங்களை விலக்கிப் பூவும் கொடியும் செதுக்கி, தமிழ்நாட்டுத் தச்சரின் கைத்திறத்தில் பள்ளிவாசல் எழுப்பினார்கள். அவற்றுள் பழையவற்றுக்குக் குவிமாடமும் இல்லை. வானளாவும் மினாராவும் இல்லை. ஆனால் தொழுகை இருந்தது. இப்போது பல ஊர்களில், கல்தூண் பள்ளியை இடித்துவிட்டுத் துபாய்ப் படத்தைப் பார்த்து கான்கிரீட் குவிமாடம் எழுப்புகிறோம். மந்திச் சோறு வந்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை, சுவையாகத்தான் இருக்கிறது. மிளகாயை ஏற்ற வயிறு அதையும் ஏற்கும். இடித்த கல்தூணை மட்டும் யாராலும் மறுபடியும் நட முடியாது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு பேச்சு எழுந்தபோது, ஊர்ப்பெரியவர்களைக் கேட்கவில்லை. பெண்களைக் கேட்கவே இல்லை. பணம் கொடுத்தவர் வரைபடத்தையும் அனுப்பி வைத்தார். நானும் அன்று வாய் திறக்கவில்லை. கிளாவரை வழியெங்கும் நின்ற பைன் மரங்களைப் பார்த்தபோது அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. மலையிலும் நடுவதற்கு முன்னர் ஆட்டுக்காரரைக் கேட்டவர் இல்லை. ஓடைநீரைக் குடிப்பவரைக் கேட்டவரும் இல்லை. கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு தாய்மார் மட்டும் திரைக்கு அப்பாலிருந்து, தம் வீட்டில் மாமியாரின் துப்பட்டி இன்னும் பத்திரமாக இருப்பதாகச் சொல்லியனுப்பினார்.

புறப்படும்போது முதியவர் ஒரு கட்டுப் பூண்டை என் கையில் கொடுத்து, "அடுப்புக்கு மேல தொங்கவிடுங்க பாய், ஒரு வருஷம் ஆனாலும் கெடாது" என்றார். விலை கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது: எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, புகைக்கு எங்கே போவது? என் மனைவி அதைச் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். மழை தொடங்கிய வாரத்தில் அது முளைவிட்டுவிட்டது. நான்கைந்து பல்லைப் பிரித்து மாடித் தொட்டியில் ஊன்றியிருக்கிறோம். எங்கள் ஊர் வெப்பத்துக்கு அது தாங்குமா என்று தெரியவில்லை. இலை மட்டும் வந்திருக்கிறது.